விருந்தாளிகளைத் தேடாமல் ஒரு சதுப்பு ப்ளூஸ் ஆல்பம் கேட்பது எப்படி

கோத்தகிரி பஜாரில் ஆம்ப்ளிஃபயரும் ரேடியோவும் ரிப்பேர் செய்கிற கடை என்னுடையது. கிட்டார் வாசிக்கிற பையன்கள் சிலர் வருவார்கள். ஆம்ப் கரகரக்கிறது, ஜாக் லூஸாகிவிட்டது என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்து, வேலை முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்கள். போன மாதம் அப்படி வந்த ஒரு தம்பியிடம், ப்ளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைச் சதுப்பு நிலத்து வாசனையோடு பாடிய டோனி ஜோ ஒயிட்டின் 'அன்கவர்ட்' ஆல்பத்தைப் பற்றிச் சொன்னேன். 2006இல் வந்த ஆல்பம். எரிக் க்ளாப்டன், மார்க் நாஃப்ளர், ஜே.ஜே. கேல், மைக்கேல் மெக்டொனால்ட், வேலன் ஜென்னிங்ஸ் என்று ஐந்து பெரிய ஆட்கள் அதில் விருந்தாளிகளாக வருகிறார்கள் என்றேன். அவன் உடனே போனை எடுத்தான்.

"அண்ணா, க்ளாப்டன் எந்தப் பாட்டுல வர்றாரு? எத்தனாவது நிமிஷம்?"

கேட்டதில் தப்பில்லை. நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். க்ளாப்டன் வருகிற பாட்டைத் தேடிப் போட்டேன், நாஃப்ளர் வருகிற பாட்டைப் போட்டேன், 'இவ்வளவுதானா' என்று எடுத்து வைத்துவிட்டேன். பெரிய கிட்டார்காரர்கள் வந்தும் யாரும் பெரிதாக எதுவும் செய்யவில்லை என்று தோன்றியது. அந்த எண்ணம் மாற எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதில் கேட்பது, எங்கே வைப்பது

செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 தடவை அதிரும். சாதாரண கிட்டாரின் தடித்த கம்பிக்கு அது 82. போனுக்குள் இருக்கிற நகக்கண் அளவு ஸ்பீக்கருக்கு அந்த ஆழத்துக்கு இறங்கத் தெம்பு கிடையாது. இந்த வகை இசையில் பாதி அந்த அடியில்தான் இருக்கிறது. போனில் கேட்டால் பாடுகிற குரலும் கிட்டாரும் அந்தரத்தில் தொங்கும்.

அதற்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பழைய டேப் டெக், டிவிக்கு மாட்டிய ஸ்பீக்கர் பெட்டி, கார் ஸ்டீரியோ, எதுவானாலும் சரி. போனை ஆக்ஸ் ஒயரில் சொருகினால் போதும். எதுவுமே இல்லையென்றால் காதை முழுசாக மூடுகிற ஹெட்போன்.

ஸ்பீக்கரை அறை மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் குமிந்துகொண்டு கும்மென்று ஒரே சத்தமாகிவிடும். எந்தச் சுரம் எங்கே முடிகிறது என்று தெரியாது. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். அடியில் கோணிச்சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள். உட்காரும்போது உங்கள் காதும் ஸ்பீக்கரும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். அப்புறம் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு அறையில் என்னென்ன அதிர்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒரே ஒரு பேஸ் சுரத்துக்கு மட்டும் சிணுங்கும். பாட்டிலேயே ஏதோ தாளக்கருவி இருக்கிறது என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். டம்ளர்களுக்கு நடுவே துணியைச் செருகியதும் சத்தம் நின்றது.

நம் மலையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. தகரக் கூரையில் மழை பெய்யும்போது மெல்லிய சத்தங்களை எல்லாம் மழை தின்றுவிடும். உடனே வால்யூமை ஏற்றத் தோன்றும். ஏற்றாதீர்கள். நாற்காலியை ஸ்பீக்கருக்கு நாலடி கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இது சத்தமாகக் கேட்கிற ஆல்பம் இல்லை. டோனி ஜோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசுகிற மாதிரிதான் பாடுகிறார். அந்த அளவுக்கு மேல் வால்யூம் போனால் பேச்சு மேடைப் பேச்சாகிவிடும்.

சதுப்பு என்றால் என்ன

ஆங்கிலத்தில் இதை ஸ்வாம்ப் மியூசிக் என்கிறார்கள். ஸ்வாம்ப் என்றால் சதுப்பு நிலம். அமெரிக்காவின் தெற்கே லூசியானா மாநிலத்தில் சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கிற, முதலை கிடக்கிற, புழுக்கமான சதுப்புகள் உண்டு. டோனி ஜோ ஒயிட் 1943இல் அந்த மாநிலத்தின் ஓக் குரோவ் ஊர்ப் பக்கம் பருத்தி விவசாயக் குடும்பத்தில் ஏழாவது பிள்ளையாகப் பிறந்தார். பதினைந்து பதினாறு வயதில் அவருடைய அண்ணன் லைட்னின் ஹாப்கின்ஸ் என்ற ப்ளூஸ்காரரின் இசைத்தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த 'போக் சாலட் ஆனி' பாட்டு ஒரு கீரையைப் பற்றியது. 1969இல் அமெரிக்கப் பட்டியலில் 8ஆம் இடம்வரை வந்தது. பிற்பாடு எல்விஸ் பிரெஸ்லியும் மேடைதோறும் பாடினார். போக் என்று ஒரு காட்டுச்செடி. ஏழை வீடுகளில் அதன் இலையைப் பறித்துச் சமைப்பார்கள். அப்படியே சாப்பிட்டால் விஷம். வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டி, மறுபடி வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். நம் வீட்டில் சேம்பு இலையைப் புளி விட்டு வேகவைக்காவிட்டால் நாக்கும் தொண்டையும் அரித்துத் தள்ளும் இல்லையா, அதே சங்கதிதான். வறுமை எப்படிச் சமைத்தது என்பதை ஒருத்தர் கிட்டாரில் வாசித்துக் காட்டுகிறார். அதைத் தெரிந்துகொண்டு கேட்டபோதுதான் அந்தப் பாட்டின் முறுக்கு எனக்குப் பிடிபட்டது.

நம்மிடமும் சதுப்பு உண்டு. அவலாஞ்சிப் பக்கம் சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே தண்ணீர் ஊறி நிற்கிற பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள். லூசியானாவின் புழுக்கம் அங்கே இல்லை, காது விறைக்கிற குளிர்தான். ஆனால் கால் வைத்தால் நடப்பது ஒன்றுதான். பாதம் மெதுவாக இறங்கும். எடுக்கும்போது சேறு கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு, அரை நொடி கழித்து 'ப்ளக்' என்று விடும். ஒருதரமாவது அப்படிக் காலை வைத்து எடுத்துப் பாருங்கள். இந்த இசையின் தாளம் அதுதான்.

முதல் தடவை: தரையை மட்டும் கேளுங்கள்

பத்துப் பாட்டு. ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவிட்டு, விருந்தாளிகள் பேரை மறந்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிவரை வரிசையாகக் கேளுங்கள். காதை ட்ரம்மிலும் பேஸிலும் மட்டும் வையுங்கள். ட்ரம்மில் 'டக்' என்று விழுகிற அடிக்குக் கை தட்டிப் பாருங்கள். முதலில் நீங்கள் ட்ரம் வாசிப்பவரை முந்திவிடுவீர்கள். எல்லோரும் முந்துவார்கள். அவர்கள் அடியை ஒரு மயிரிழை தாமதமாக வைக்கிறார்கள். தாளம் தப்பவில்லை, வேகம் குறையவும் இல்லை. பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்து வாசிக்கிறார்கள்.

இதை எனக்குப் புரியவைத்தது படுகர் ஆட்டம். ஹெத்தையம்மன் பண்டிகையில் வெள்ளை உடுத்தி வட்டமாக ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க மெதுவாக, சுலபமாக இருக்கும். உள்ளே போய் நின்றால்தான் தெரியும். என் கடைக்கு எதிர்க்கடை அண்ணன் படுகர். ஒரு கல்யாணத்தில் என்னையும் இழுத்து வட்டத்தில் விட்டார். நான் ஒவ்வொரு அடிக்கும் முந்திக்கொண்டே இருந்தேன். "காலைத் தூக்கினதும் வெச்சிடாத, தாளம் வந்து உன் காலை இறக்கட்டும்" என்றார். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து இந்த ஆல்பத்தைப் போட்டுக் கை தட்டினேன். முதல்முறையாக அடி சரியாக உட்கார்ந்தது.

ஆல்பத்தை முழுசாக நான் முதலில் கேட்டது 2009 நவம்பரில். அந்த மழையை நீலகிரியில் யாரும் மறக்கமாட்டார்கள். மண்சரிவில் நாற்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ரோடு அடைபட்டுக் கிடந்தது, கரண்ட் இல்லை. சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லோரும் பத்திரம் என்று தெரிகிறவரை வேறு எதிலும் மனசு போகவில்லை. அதற்குப் பிறகு கடையைத் திறந்தேன். ஒருத்தரும் வரவில்லை. ரிப்பேருக்கு வந்திருந்த கார் ஸ்டீரியோ ஒன்று மேஜைமேல் கிடந்தது. 12 வோல்ட் பேட்டரியில் கிளிப் மாட்டி அதை ஓட விட்டேன். கையில் கிடைத்த சி.டி. இதுதான். பாட்டைத் தாவ மனசில்லை, அவசரமும் இல்லை. உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்படிக் கேட்கும்போது 'ரெய்னி நைட் இன் ஜார்ஜியா' வந்தது. டோனி ஜோ சின்ன வயதில் எழுதிய பாட்டு. 1970இல் ப்ரூக் பென்டன் பாடிப் பெரிய ஹிட்டானது. எழுதியவரே வயதான குரலில் இந்த ஆல்பத்தில் மறுபடி பாடுகிறார். இளைஞராக இருந்தபோது ஜார்ஜியாவில் நெடுஞ்சாலைத் துறைக்கு லாரி ஓட்டினாராம். ராத்திரி மழை பெய்தால் மறுநாள் வேலைக்குப் போக வேண்டாம், வீட்டில் கிட்டார் வாசிக்கலாம். அந்த ராத்திரிகளிலிருந்து வந்த பாட்டு. அந்தக் கதை எனக்கு அப்போது தெரியாது. வெளியே மழை, கடையில் வேலை இல்லை, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கவலை. பாட்டு முடிந்ததும் மறுபடி போட்டேன்.

இரண்டாம் தடவை: நடுக்கத்தைப் பிடியுங்கள்

இது என் தொழில் சம்பந்தப்பட்ட இடம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். சதுப்பு ப்ளூஸ் கேட்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய சத்தம் ட்ரெமலோ. கிட்டார் சுரம் நிலையாக நிற்காமல் வாங்-வாங்-வாங் என்று மூச்சு விடும். சுரம் மேலே கீழே போவதில்லை. அதன் சத்தம் மட்டும் கூடிக் குறைகிறது. டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்து 'ஆ' என்று கத்தாத பிள்ளை உண்டா? குரல் நறுக்கு நறுக்காக வருமே, அதுதான். வோல்டேஜ் ஏறி இறங்கும்போது குண்டு பல்பு மங்கிப் பிரகாசிப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

பல்பைச் சும்மா சொல்லவில்லை. 1960களில் ஃபெண்டர் கம்பெனி செய்த பல ஆம்ப்களுக்குள் நிஜமாகவே ஒரு பல்புதான் இந்த வேலையைப் பார்க்கிறது. எலக்ட்ரீஷியன் பாக்கெட்டில் வைத்திருக்கும் டெஸ்டருக்குள் செக்கச்செவேல் என்று மினுக்குகிற சின்ன நியான் பல்பு தெரியும் அல்லவா? அதே ஜாதி. அதை ஒரு எல்.டி.ஆரோடு சேர்த்து வெளிச்சம் புகாத கறுப்புக் குழாய்க்குள் அடைத்திருப்பார்கள். எல்.டி.ஆர். என்பது வெளிச்சம் பட்டால் மின்தடை குறைகிற சாமான். பல்பு மினுக்கும்போதெல்லாம் கிட்டார் சிக்னலில் ஒரு பங்கு எர்த்துக்குப் போய்விடும், சத்தம் தணியும். பல்பு அணைந்தால் சத்தம் திரும்பி வரும். ஒரு தடவை நானே டெஸ்டர் பல்பை உடைத்தெடுத்து, எல்.டி.ஆரோடு சேர்த்து இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிச் செய்து பார்த்தேன். முதலில் டேப் சரியாக ஒட்டாமல் ஜன்னல் வெளிச்சம் உள்ளே கசிந்தது. மேகம் கலைந்தபோது நடுக்கம் குறைந்தது, மூட்டம் வந்தபோது கூடியது. கோத்தகிரி மூட்டம் என் ஆம்ப்பை வாசித்த மாதிரி இருந்தது. அதை ரொம்ப நேரம் சரி செய்யாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஃபெண்டர் ஆம்ப்பில் இந்த நடுக்கத்துக்கு வைப்ரேட்டோ என்று எழுதியிருப்பார்கள். ஃபெண்டர் கிட்டாரில் சுரத்தை வளைக்கிற கம்பிக்கு ட்ரெமலோ என்று பெயர். இரண்டும் தலைகீழ். புத்தகம் படித்துக் குழம்பி என்னிடம் வந்த பையன்கள் நிறைய. சுரம் வளைந்தால் வைப்ரேட்டோ, சத்தம் மட்டும் அலைந்தால் ட்ரெமலோ.

இந்தச் சத்தத்தைத் தனியாகக் கேட்டுப் பழக வேண்டுமென்றால் லூசியானாவின் பழைய ஆட்களிடம் போங்கள். க்ரவ்லி என்ற சின்ன ஊரில் ஜே.டி. மில்லர் என்பவர் ஸ்டூடியோ வைத்திருந்தார். 1950களிலும் 60களிலும் ஸ்லிம் ஹார்ப்போ, லைட்னின் ஸ்லிம், லேஸி லெஸ்டர் எல்லோரையும் அங்கே பதிவு செய்தார். நாஷ்வில்லின் எக்ஸெல்லோ கம்பெனி அவற்றைத் தட்டாக வெளியிட்டது. மவுத் ஆர்கன் வாசித்துப் பாடிய ஸ்லிம் ஹார்ப்போவின் 1957ஆம் வருஷப் பாட்டு ஒன்றையும் 1966ஆம் வருஷப் பாட்டு ஒன்றையும் கேட்டுவிட்டு வந்தால், டோனி ஜோவின் மவுத் ஆர்கன் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாம் தடவை: இப்போது விருந்தாளிகள்

வீடு பழகிவிட்டது. இனி யார் வந்தாலும் கதவு திறக்கிற சத்தத்திலேயே தெரியும்.

குரலோடு வருகிறவர்களை முதலில் பாருங்கள். மைக்கேல் மெக்டொனால்ட் டூபி பிரதர்ஸ் குழுவில் பாடியவர். கொஞ்சம் கரகரத்த, மேலே ஏறி நிற்கிற குரல். டோனி ஜோவின் குரல் கிணற்றடியிலிருந்து வருவதால் இவரைப் பிரித்தறிவது ரொம்பச் சுலபம். வேலன் ஜென்னிங்ஸ் அப்படியில்லை, அவரும் கனத்த குரல்காரர். இரண்டு கனத்த குரல்கள் அருகருகே வரும்போது சொற்களின் கடைசியைக் கவனியுங்கள். டோனி ஜோ சொல்லின் வாலை விழுங்கிவிடுவார். வேலன் வாயைத் திறந்து முழுசாக விடுவார். அவர் 2002இல் காலமாகிவிட்டார். ஆல்பம் வந்தது நாலு வருஷம் கழித்து. நண்பர் இல்லாத பிறகும் டோனி ஜோ அவருடைய குரலுக்கு வீட்டில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார். அந்தப் பாட்டை நான் அப்படித்தான் கேட்கிறேன்.

கிட்டாரோடு வருகிறவர்கள் கொஞ்சம் கடினம். மார்க் நாஃப்ளர் பெரும்பாலும் பிக் (கம்பியை மீட்டுகிற சின்னத் தகடு) இல்லாமல் விரலாலேயே வாசிப்பவர். சுரம் தொடங்குகிற இடத்தில் தோலின் மென்மை இருக்கும், அப்புறம் திடீரென்று ஒரு சுண்டு. க்ளாப்டன் ஒரு சுரத்தை வளைத்துப் பிடித்து, விரலை ஆட்டி, அது பாடுகிறவரை விடமாட்டார். ஜே.ஜே. கேல் வந்தது தெரியாமல் வந்து உட்கார்ந்துவிடுவார். தன் சொந்த ஆல்பங்களிலேயே குரலை வாத்தியங்களுக்குள் புதைத்து வைத்தவர் அவர். க்ளாப்டன் 1970இலும் 1977இலும் இவருடைய பாட்டுகளைப் பாடித்தான் அவற்றை உலகத்துக்குக் கொண்டுபோனார். இந்த ஆல்பம் வந்த அதே 2006இல் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆல்பமும் போட்டார்கள். டோனி ஜோ வீட்டில் கூடியவர்கள் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் இல்லை. வெகுகாலமாக ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் காதில் வாங்கிக்கொண்டு வளர்ந்த பங்காளிகள்.

'யாரும் பெரிதாக எதுவும் செய்யவில்லை' என்று முதலில் நினைத்தேன் என்றேனே, அது இப்போது எனக்கு வேறு மாதிரி படுகிறது. உலகமே எழுந்து நிற்கிற கிட்டார்காரர் ஒருத்தர் வருகிறார். பின்னுக்குச் சாய்ந்த அந்தத் தாளத்தை அவசரப்படுத்தாமல், பாடுகிறவர் மூச்சு விடுகிற இடத்தில் மட்டும் நாலு சுரம் வைத்துவிட்டு ஒதுங்குகிறார். அப்படி ஒதுங்க எவ்வளவு தேர்ச்சி வேண்டும் என்று கிட்டார் வாசிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெரிய பேர் போட்டு வருகிற எத்தனையோ ஆல்பங்களில் விருந்தாளி வந்ததும் பாட்டு அவர் பக்கம் சாய்ந்துவிடும். இதில் ஒரு இடத்திலும் அது நடக்கவில்லை.

அந்தத் தம்பி சி.டி.யை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். தரை, நடுக்கம், அப்புறம்தான் விருந்தாளி என்ற வரிசையைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்னும் திரும்பி வரவில்லை.

இதற்கு அடுத்து என்ன கேட்கலாம் என்றால், டோனி ஜோவுடையதே 2004இல் வந்த 'தி ஹீரோயின்ஸ்'. அதில் விருந்தாளிகள் பெண்கள்: எம்மிலூ ஹாரிஸ், லூசிண்டா வில்லியம்ஸ், ஷெல்பி லின், ஜெஸ்ஸி கோல்ட்டர், கூடவே இவருடைய மகள் மிஷெல். அடிக்குரலும் பெண் குரலும் சேர்ந்து வருவதால் காதுக்கு இன்னும் சுலபம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அதிலிருந்தே கூடத் தொடங்கலாம். கூட்டமாகக் கேட்க ஆசையிருந்தால் டாக்டர் ஜான் என்ற லூசியானாப் பாடகர் 1971இல் போட்ட 'தி சன், மூன் அண்ட் ஹெர்ப்ஸ்'. அதிலும் க்ளாப்டன் இருக்கிறார், பின்பாட்டுக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் கூட இருக்கிறார். ஆனால் அது திருவிழா நெரிசல் மாதிரி. யார் எங்கே நிற்கிறார்கள் என்று தேடுவது வீண், கூட்டத்தோடு போய்விட வேண்டியதுதான்.

கடைசியாக, சி.டி.யோ இசைத்தட்டோ வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். நம் மலை ஈரத்தில் அட்டையெல்லாம் பூஞ்சை பிடிக்கும், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நமுத்து பேஸ் தொளதொளக்கும். துணி அலமாரியில் பல்பு போட்டு வைப்போமே, அதே மாதிரி பாட்டு அலமாரியிலும் ஒரு சின்னக் குண்டு பல்பைப் போடுங்கள். எல்.இ.டி. வேண்டாம், அதில் சூடு வராது. பல்புக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். மழைக்காலத்தில் தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம், வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் போட்டால் போதும்.